ஈடுசெய்தலைப் படிக்க ஆசைப்படும் மகள்: வேதியியலா, மருந்தியலா, உயிரியலா?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வேதியியல் இளங்கலை இறுதியாண்டில் இருக்கும் மகள், "ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைந்து கணக்கு நேராகிவிடுகிறதே, அது எப்படி?" என்று எதைப் படித்தாலும் அதையே கேட்கிறாள், இதை வைத்துக்கொண்டு என்ன வேலைக்குப் போவாள் என்பது முதல் கவலை. எந்தத் துறையில் முதுகலை சேர்வது என்று அவளே முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறாள் என்பது இரண்டாவது. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதல் கவலையில் பாதி தானாகக் குறையும்.

இப்படி ஒன்றை ஒன்று ஈடுசெய்யும் விளைவுகளுக்கென்று தனித் துறை தேடாதீர்கள். மகள் பள்ளியில் படித்த லீ சாட்லியர் தத்துவத்திலிருந்து (சமநிலையைக் குலைத்தால் அமைப்பு அந்த மாற்றத்தை எதிர்த்து நகரும் என்பது), ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவரின் மற்றொரு சிறுநீரகம் பெரிதாகி வேலையை ஏற்றுக்கொள்வது வரை இந்தக் கேள்வி எங்கும் வரும். ஆகவே கேள்வியை வைத்துத் துறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. தினமும் எந்த வேலையைச் செய்ய அவளுக்குப் பிடிக்கும் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மூன்று துறைகளிலும் அந்த வேலை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

முதலில் அவளுடைய வேதியியல். ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தில் போய் ஒட்டுகிறது. இன்னும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு கிடைக்கும்படி அதை மாற்றி அமைக்கிறார்கள். வெப்பம் கூடுதலாக வெளிவருகிறது; என்தால்பியில் லாபம். ஆனால் இறுகப் பிடிபட்ட மூலக்கூறு முன்போல அசைய முடியாது, என்ட்ரோபியில் நஷ்டம். கூட்டிக் கழித்தால் வருவது கட்டிலா ஆற்றல், பிணைப்பு எவ்வளவு வலுவானது என்று சொல்லும் எண்; அது பழைய இடத்திலேயே நிற்கிறது. 25 டிகிரி செல்சியஸில் பிணைப்பு பத்து மடங்கு வலுவாவதற்கு ஒரு மோலுக்கு சுமார் 1.4 கிலோகலோரி போதும். அந்தச் சின்னத் தொகையும் கைக்கு வராமல் போவதைத்தான் என்தால்பி-என்ட்ரோபி ஈடுசெய்தல் என்கிறார்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. இதை அளக்கும் வெப்ப அளவிக் கருவியில் ஒரு சிறிய கலத்தில் புரதக் கரைசல் இருக்கும். மேலிருந்து சுழலும் ஊசி ஒவ்வொரு முறையும் சில மைக்ரோலிட்டர் மருந்துக் கரைசலை உள்ளே விடும். ஒவ்வொரு முறைக்கும் வெளிப்படும் வெப்பம் திரையில் ஒரு முள்ளாக விழும். புரதம் நிரம்ப நிரம்ப முட்கள் குட்டையாகிக்கொண்டே போகும். முட்கள் அடைக்கும் பரப்பிலிருந்து என்தால்பி கிடைக்கிறது. அவை குறையும் விதத்திலிருந்து கட்டிலா ஆற்றல் கிடைக்கிறது. என்ட்ரோபியை யாரும் அளப்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து எடுப்பதுதான். அப்படியானால் என்தால்பியில் 2 கிலோகலோரி பிழை வந்தால் அதே 2 கிலோகலோரி என்ட்ரோபிக் கணக்கிலும் போய் உட்கார்ந்து பிழையை மறைத்துவிடும். இருபது மூலக்கூறுகளுக்கு இப்படிப் புள்ளி வைத்தால் அழகான நேர்கோடு வரும். அந்தக் கோடு இயற்கையின் வேலையா, கழித்தலின் வேலையா? இதைப் பற்றி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகளின் கேள்விக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது: ஈடுசெய்தல் மாதிரித் தெரிவதையும் உண்மையாகவே ஈடுசெய்வதையும் பிரித்துக் காட்டத் தெரிய வேண்டும்.

மருந்தியலிலும் அதே பிரச்சினைதான், உருவம் வேறு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமிலம் குறைந்ததும் உடல் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அமிலத்தைத் தூண்டும் செல்கள் பெருகுகின்றன. மாத்திரையை நிறுத்தினால் நெஞ்செரிச்சல் திரும்ப வருகிறது. வந்தது பழைய நோயா, மாத்திரைக்கு உடல் செய்த எதிர்வேலையா? நோயாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. 2009-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு இதற்குப் பிரமாதமான வழி ஒன்றைக் கண்டது. நெஞ்செரிச்சலே இல்லாத 120 ஆரோக்கியமானவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 8 வாரம் அதே வகை மாத்திரையான எசோமெப்ரசோல், பிறகு 4 வாரம் மருந்தே இல்லாத போலி மாத்திரை. மறு பிரிவுக்கு 12 வாரமும் போலி மாத்திரையே. கடைசி 4 வாரங்களில் முதல் பிரிவில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொந்தரவு வந்தது. மறு பிரிவில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களிடம் நோய் திரும்பி வர முடியாது அல்லவா! இப்படி யோசிக்கத் தெரிந்தவர்களைத்தான் மருந்து ஆய்வு நிறுவனங்கள் தேடுகின்றன. (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், அது மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, அதுவும் இதே காரணத்தால்தான்.)

உயிரியலைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு மரபணுவின் செயலைத் தற்காலிகமாகத் தணித்தால் வரிக்குதிரை மீன் குஞ்சின் இரத்தக் குழாய்கள் சீர்கெடுகின்றன. அதே மரபணுவை அடியோடு சிதைத்தால் குஞ்சு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. தணிக்கும் முறையில்தான் கோளாறு என்று பலரும் நினைத்தார்கள். ஏற்கெனவே மரபணு சிதைந்த மீனில் அதே தணிக்கும் பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். பெரிய பாதிப்பு இல்லை. பொருள் விஷம் என்றால் அங்கேயும் பாதித்திருக்க வேண்டும். சிதைந்த மரபணுவின் வேலையை உறவு மரபணுக்கள் கூடுதலாக இயங்கி ஏற்றுக்கொண்டிருந்தன. 2015-இல் வந்த முடிவு இது.

இப்போது வேலைவாய்ப்பு. மருந்துகள் தோற்பதற்கு ஈடுசெய்தல் ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பிராஃப் என்ற மரபணுவில் வரும் மாற்றத்தின் விளைவைத் தடுக்கும் மருந்து தோல் புற்றுநோயான மெலனோமாவில் நன்றாக வேலை செய்தது. அதே மாற்றம் உள்ள பெருங்குடல் புற்றுநோயில் தனியாகக் கொடுத்தபோது பெரிதாகப் பலன் இல்லை; செல்லின் மேல் உள்ள ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி விழித்துக்கொண்டு, புற்றுநோய் வளரும் பாதையை மீண்டும் திறந்துவிட்டது. 2012-இல் அந்தக் காரணம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துத் தடுக்கும் கூட்டு மருந்துக்கு 2020-இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இன்னொரு உதாரணம். அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கொழுப்பு கூடுதலாக சுமார் 6 சதவீதம்தான் குறையும். அந்த மாத்திரையே பிசிஎஸ்கே9 என்ற எதிரிப் புரதத்தையும் வளர்த்துவிடுவது அதற்கு ஒரு காரணம். அந்த எதிரியைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015 முதல் பயன்பாட்டில் இருக்கின்றன.

உங்கள் மகளுக்குக் கருவியின் முன் உட்கார்ந்து அளப்பது பிடிக்கும் என்றால் உயிர் இயற்பியல் வேதியியல் அல்லது மருந்து வேதியியல் எடுக்கட்டும். ஆராய்ச்சிப் பிரிவில் பொறுப்பான பதவிக்கு முனைவர் பட்டம் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகலையோடு நின்றால் பகுப்பாய்வு, தரக் கட்டுப்பாடு போன்ற பணிகள்தான் எளிதில் கிடைக்கும். கணக்கு கைவரும் என்றால், உடலில் மருந்தின் அளவும் விளைவும் காலப்போக்கில் எப்படி மாறும் என்று சமன்பாடு எழுதும் ஃபார்மகோமெட்ரிக்ஸ் துறையைப் பார்க்கச் சொல்லுங்கள். என் கணிப்பில் அவளுக்கு இதுதான் பொருந்தும். வேதியியல், மருந்தாளுநர் படிப்பு, புள்ளியியல், பொறியியல் என்று எங்கிருந்தும் அதற்குள் வரலாம். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பில் நுழைவது எளிது. ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிக்கை பதிவதுதான் வேலை, அவளுடைய கேள்விக்கு அங்கே தீனி கிடைக்காது. உயிரியல் ஆய்வகத்துக்குப் போவதானால் ஒரு சோதனை முடிய மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை வேண்டும். சிலருக்கு அது அமையாது, அதில் தப்பில்லை.

"இப்போதாவது மருத்துவத்துக்குத் திருப்பலாமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். நோயாளியோடு பேச ஆசை இருந்தால் மட்டும். மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

எந்தப் பக்கம் போனாலும் இந்த ஆண்டே மூன்றைத் தொடங்கிவிட வேண்டும்: வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல் (குறிப்பாகப் பிழை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு எப்படிப் பரவுகிறது என்பது), ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழி. வேதியியல் மாணவர்கள் இரண்டாவதைத்தான் தள்ளிப்போடுவார்கள். அவளிடம் சின்னதாக ஒரு வேலை கொடுங்கள். கட்டிலா ஆற்றலை மைனஸ் 9 கிலோகலோரிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, என்தால்பிக்கு மட்டும் தற்செயல் எண்கள் கொடுத்து, என்ட்ரோபியைக் கழித்து எடுத்து வரைபடம் போடட்டும். வேதியியலே இல்லாமல் நேர்கோடு வரும். அது ஏன் வந்தது, உண்மையான தரவு அதிலிருந்து எப்படி வேறுபட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, முதுகலை விண்ணப்பத்தோடு ஆய்வகத் தலைவர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பதில் போடுபவர்களிடம் முந்தைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்கட்டும். அந்தப் பதில்கள் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்த ஆய்வகம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.