ஸ்டோயிக், ஸ்டாலிட், இம்பாசிவ்: எல்லாம் ஒன்றுதானே?

கேட்டிருப்பது இது: ஸ்டோயிக், இம்பாசிவ், ஸ்டாலிட், ரிசர்வ்ட், அலூஃப் என்று எந்த ஆங்கிலச் சொல்லைத் தேடினாலும் அகராதி 'உணர்ச்சியை வெளிக்காட்டாத' என்றே சொல்கிறது. பிறகு எதை எங்கே போடுவது?

அகராதி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொள்கிறது. நான் இதைச் சூடுபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் உடன் வேலை பார்த்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் சிபாரிசுக் கடிதம் எழுதினேன். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் பதறாத மனுஷர். அதைச் சொல்ல 'ஸ்டாலிட்' என்று போட்டேன். சாலிட் மாதிரி ஒலித்ததால் உறுதியான ஆள் என்று ஒரு நினைப்பு. அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்த மூத்தவர் ஒருவர், "அவர் மேல் உனக்கு என்ன கோபம்?" என்று கேட்டார்.

ஸ்டாலிடின் மூலமான லத்தீன் சொல்லுக்கு மந்தம், முட்டாள்தனம் என்றே பொருள். ஆங்கிலத்துக்கு வந்து கடுமை குறைந்தாலும் அந்த வாடை முழுவதும் போகவில்லை. நம் பேச்சில் சொன்னால், எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி. சிபாரிசுக் கடிதத்தில் எழுதக்கூடிய சங்கதியா அது?

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். இந்தக் குடும்பத்துச் சொல் எது வந்தாலும் ஒரே காட்சியில் வைத்துப் பார்ப்பேன். ஒருவருக்குப் போன் வருகிறது. நெருங்கிய ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி. "சரி" என்கிறார், போனை வைக்கிறார். குடித்து முடித்த கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கிறார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

இம்பாசிவ் என்று எழுதினால், முகத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. கிட்டத்தட்ட கேமரா எழுதும் சொல் அது. ஸ்டோயிக் என்றால், வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறார் என்கிறீர்கள், அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. காம்போஸ்ட் (composed, உரமல்ல) என்றால் இந்த நிமிஷத்துக்குத் தன்னைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார். இரவில் உடைந்து அழலாம், அதற்கு அந்தச் சொல் தடை சொல்லாது. இன்டிஃபரன்ட் என்று போட்டால் ஆளையே மாற்றிவிட்டீர்கள். அவருக்கு அந்தச் சாவு ஒரு பொருட்டே இல்லை. கோப்பை கழுவுவது அதே கோப்பை கழுவுவதுதான், கதை வேறு.

சப்ரெஸ், ரிப்ரெஸ் இரண்டும் இங்கேயே வரும். அழுகை வருவது தெரிந்தே அடக்குவது சப்ரெஸ். ரிப்ரெஸ் என்றால், உளவியலில் சொல்கிற பொருளில், அடக்குகிறோம் என்று அவருக்கே தெரியாது.

ஸ்டோயிக்கின் பின்கதை சுவாரசியமானது. கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஜீனோ என்பவர் ஓவியங்கள் மாட்டிய ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்தினார். அந்த மண்டபத்தின் பெயரான ஸ்டோவாவிலிருந்து வந்ததுதான் ஸ்டோயிக். ஆனால் அந்த மரபினர் பல்லைக் கடித்துத் தாங்குவதை இலக்காக வைக்கவில்லை. கோபம், பயம் போன்றவை மனதை ஆட்டிவைக்காத நிலைதான் இலக்கு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அபதெய்யா. அதன் வாரிசுதான் இன்றைய அபதி! அன்றைக்கு ஞானியின் அடையாளம், இன்றைக்கு 'எனக்கென்ன போச்சு' என்று ஓட்டுப்போடப் போகாதவரைத் திட்டும் சொல். ஒரே தெருவில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்று பாராட்டாகவும் மற்றது வசவாகவும் போய் நிற்கிறது.

பேச்சைப் பற்றிய சொற்களைத் தனியே வையுங்கள். டாசிடர்ன் என்றால் எப்போதுமே வாய் திறக்காதவர், உம்மணாமூஞ்சிக்குப் பக்கத்து வீடு. ரெட்டிசென்ட் என்றால் தன் விஷயத்தை வெளியே விடாதவர். கிரிக்கெட் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், தன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். தயங்குவது என்ற பொருளிலும் இப்போது பலர் எழுதுகிறார்கள். அதற்கு ரிலக்டன்ட் இருக்கும்போது இது ஏன் என்பது என் கட்சி. ரிசர்வ்டில் குற்றம் எதுவும் இல்லை, பழகப் பழகத் திறப்பார் என்ற நம்பிக்கைகூட உண்டு. அலூஃப் அப்படியில்லை, வேண்டுமென்றே எட்டி நிற்பவர். அது கப்பல்காரர்கள் சொல். காற்று கப்பலைக் கரைப்பக்கம் தள்ளும்போது, காற்றை நோக்கித் திருப்பிக் கரையை ஒட்டாமல் ஓட்டு என்று சுக்கான் பிடிப்பவருக்கு இடும் கட்டளையிலிருந்து வந்தது.

ஃப்ளெக்மாடிக், கபம் அதிகமானால் ஆள் மந்தமாக இருப்பார் என்ற பழைய ஐரோப்பிய வைத்தியத்தின் மிச்சம். இன்று பேச்சில் அபூர்வம், விட்டுவிடலாம்.

எனக்குப் பிடித்த ஜோடி வேறு. ஸாங்ஃப்ருவா என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது, நேர்ப்பொருள் குளிர்ந்த ரத்தம். கோல்ட் பிளடட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் நேர்ப்பொருள் அதேதான். ஆனால் ஒன்று ஆபத்தில் பதறாத நிதானம், மற்றது ஈவிரக்கமில்லாமல் கொலை செய்பவனுக்குச் சொல்வது.

ஸாங்ஃப்ருவாவுக்கு உதாரணம் கேட்டால் 1982 ஜூன் 24 இரவைச் சொல்வேன். இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்கு அருகே பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து, நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. கேப்டன் எரிக் மூடி மைக்கில் பயணிகளிடம், நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன, மறுபடி ஓட வைக்க முடிந்ததையெல்லாம் செய்கிறோம், நீங்கள் ரொம்பக் கலங்கவில்லை என்று நம்புகிறேன் என்ற பொருள்பட அறிவித்தார். பிறகு எஞ்சின்கள் உயிர்பெற்று, ஜகார்த்தாவில் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். 'சின்னப் பிரச்சினை' என்ற இடத்தைக் கவனியுங்கள். இங்கே இம்பாசிவ் போட்டால் சப்பென்று இருக்கும், ஸ்டோயிக் போட்டால் அவர் வலியைத் தாங்கியதாகிவிடும். அன்ஃப்ளாப்பபிள், அதாவது எதற்கும் பதறாதவர் என்று போடலாம், கச்சிதமாக உட்காரும்.

என் கடிதத்துக்கும் அதுதான் சரியான சொல், ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஸ்டாலிடை அடித்துவிட்டு, வெறுமனே 'காம்' (calm), அமைதியானவர் என்று எழுதி அனுப்பினேன். அவருக்கு வேலையும் கிடைத்தது. முதல் படியில் என்ன எழுதியிருந்தேன் என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.