கோவில்பிள்ளையிடம் கேளுங்கள்

(கத்தோலிக்கப் பங்குக் கோவிலொன்றில், அதாவது ஒரு வட்டாரத்துக்குரிய கோவிலில், 26 ஆண்டுகள் கோவில்பிள்ளையாக, அதாவது கோவில் வேலைகளைக் கவனிக்கும் பணியாளராக, இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நான் கிறிஸ்தவர் இல்லை. தோழியின் திருமணத் திருப்பலிக்குப் போயிருந்தேன். எல்லோரும் வரிசையில் போனார்கள் என்று நானும் போனேன். குருவானவர் மெல்லிய அப்பம் ஒன்றைத் தந்தார். கையில் வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பினேன். பின்னாலேயே ஒருவர் ஓடிவந்து, "சாப்பிட்டுட்டீங்களா?" என்று கேட்டார். நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நான் செய்தது குற்றமா?

பதில்: குற்றமெல்லாம் இல்லை அம்மா. ஓடிவந்தவர் என் ஜாதி, அதாவது கோவில்பிள்ளை ஜாதி. திருமணப் பூசையென்றால் பீடத்தைவிட வரிசையின் மீதுதான் எங்களுக்குக் கண் இருக்கும்.

ஒருமுறை ஒரு பெரியவர் அப்பத்தை வாங்கிச் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்துக்கொண்டார். நான் போய்க் கேட்டதும், "வீட்ல மனைவி படுத்த படுக்கையா இருக்கா, அவளுக்குத்தான்" என்றார். அவரும் கத்தோலிக்கர் இல்லை. விளக்கிச் சொன்னதும் இரண்டு விரலால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அத்தோடு விடவில்லை, பையை வெளியே இழுத்துக் காட்டி, "தூள் ஏதும் இருக்கா, பாருங்க" என்றார். அவ்வளவு மரியாதையை எங்கள் ஆட்களிடமே எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன். பூசை முடிந்ததும் குருவானவர் அவர் மனைவியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

எங்களுக்கு அது அடையாளத்துக்குத் தரும் அப்பம் அல்ல, கிறிஸ்துவின் உடலேதான். அதனால்தான் அந்த ஓட்டம். வழக்கமாக, அந்த விசுவாசத்தில் முழுமையாக இணைந்திருப்பவர்கள்தான் வாங்குவார்கள். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கவலை வேண்டாம். வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் சாப்பிடக்கூடாது என்பது விதி. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இப்படிக் குறைப்பதற்கு முன் அது இன்னும் கடுமையாக இருந்தது. வரும் வழியில் எதையாவது கொறித்துவிட்டு, நல்ல பிள்ளையாக இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் கத்தோலிக்கர்கள் எந்தப் பூசையிலும் உண்டு. அடுத்த முறை நீங்களும் உட்கார்ந்திருங்கள். இல்லையென்றால் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போங்கள். பல பங்குகளில் குருவானவர் ஆசீர்வதித்து அனுப்புவார்.

கேள்வி: பூசை இல்லாத நேரத்திலும் பீடத்தின் அருகில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே, எதற்கு?

பதில்: பக்கத்திலிருக்கும் பேழைக்குள் நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலென்று மேலே சொன்ன அந்த அப்பம், இருக்கிறது என்பதற்கு. சிவப்பாகத்தான் இருக்க வேண்டுமென்று விதி இல்லை, அணையக்கூடாது என்பதுதான் விதி. பெரிய வியாழன் மாலையில் நற்கருணையை வேறிடத்துக்கு மாற்றிவிடுவோம். அதனால் பெரிய வெள்ளியன்று பேழை திறந்து காலியாக இருக்கும், விளக்கும் எரியாது.

நான் போட்டுவந்த மெழுகு ஒரு வாரம் நிற்கும். ஒருமுறை மாற்ற மறந்துபோனேன். விடியற்காலைப் பூசைக்குத் தினமும் வரும் பாட்டி ஒருவர் முழந்தாளிடப் போனவர், பாதியிலேயே நிமிர்ந்து, "என்னப்பா, ஆண்டவர் வெளியூர் போயிட்டாரா?" என்று கேட்டார். அதன்பின் நான் மறந்ததில்லை.

கேள்வி: என் ஒன்றரை வயது மகன் பூசையில் அழுதால் முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். கொஞ்ச காலம் வராமல் இருந்துவிடலாமா?

பதில்: வாருங்கள். 2014 ஜனவரியில் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது, பசித்து அழும் பிள்ளைக்கு அங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மாரிடம் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார். மைக்கேலாஞ்சலோவின் ஓவியத்துக்குக் கீழே அழலாம், உங்கள் பங்கில் அழக்கூடாதா? ஒரேயொரு யோசனை: கடைசி பெஞ்சுக்குப் போகாதீர்கள். அங்கிருந்து பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் முதுகுதான். முன்னால் உட்காரவைத்தால் மணி, மெழுகுவர்த்தி, பீடச்சிறுவர்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான்.

கேள்வி: புதிய ஊருக்குக் குடிவந்து மூன்று மாதமாகிறது. ஞாயிறு தவறாமல் பங்குக் கோவிலுக்குப் போகிறேன். சமாதானம் பகிரும்போது பக்கத்தில் இருப்பவர் புன்னகைப்பார், அவ்வளவுதான். பூசை முடிந்ததும் எல்லோரும் அவரவர் கூட்டத்தோடு நின்று பேசுகிறார்கள். ஒருவர்கூட என் பெயரைக் கேட்டதில்லை. நான் எப்போது இந்தப் பங்கைச் சேர்ந்தவள் ஆவேன்?

பதில்: சட்டத்தைக் கேட்டால், ஆகிவிட்டீர்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் குடியிருந்தாலே நீங்கள் அந்தப் பங்கின் ஆள், அங்குள்ள பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை. ஆனால் நீங்கள் கேட்பது அதை அல்ல என்று தெரிகிறது.

இந்த விஷயத்தில் பாவம் செய்தவன் நான். எங்கள் கோவிலில் நாலாவது பெஞ்சின் தூணோரம் ஒருவருடைய இடம். முப்பது வருடமாக அவர் கை தேய்த்துத் தேய்த்து அந்த ஓரம் மட்டும் பளபளவென்றிருக்கும். ஒரு ஞாயிறு புதிதாக ஒரு பெண் அங்கே வந்து உட்கார்ந்தார். இவர் வந்து தூணருகே நின்றார், வாய் திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான்தான் போய், "கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா, அது இவர் இடம்" என்றேன். அந்தப் பெண் பாட்டுப் புத்தகத்தை மூடி பெஞ்சின் மேல் வைத்தார், பையை எடுத்தார், எழுந்தார். தள்ளி உட்காருவார் என்று நினைத்தேன். நேரே வாசலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

ஒரு காலத்தில் பெஞ்சுக்கு வாடகை வாங்கிய கோவில்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கத்தோலிக்கக் கோவில்களில் அது சாதாரணம். இப்போதைய சட்டம், வழிபாட்டு நேரத்தில் கோவிலுக்குள் நுழைய யாருக்கும் தடையோ கட்டணமோ இருக்கக்கூடாது என்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எழுப்பிவிட்டேன்.

அதனால், யாராவது வந்து பேசுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். பழைய ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. உங்களை யாரோ ஒருவரின் விருந்தாளி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் நின்று பேசுகிறவர்களை விடுங்கள், உள்ளே பாருங்கள். பூசை முடிந்த பத்து நிமிடத்தில் கோவில்பிள்ளை தனியாளாகக் கிடந்து அல்லாடுவார்: பாட்டுப் புத்தகங்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும், மெழுகுவர்த்திகளை அணைக்க வேண்டும், காற்றாடிகளை நிறுத்த வேண்டும், யாரோ ஒரு கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருப்பார்கள். புத்தகங்களைப் பொறுக்கி ஒரு கை அடுக்கிக் கொடுங்கள். பெயரைக் கேட்பது மட்டுமல்ல, அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரம் வரமுடியுமா என்றும் கேட்பார்.