45 தவறு, 31 சரி: ஏன்?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எத்தனை வழிகள் என்று எண்ணும் சேர்ப்பியலில் சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் புதுக் கணக்கைப் பார்த்தால் வரிசை பார்த்து எண்ணும் என்பிஆர் போடுவதா, வரிசை பார்க்காமல் எண்ணும் என்சிஆர் போடுவதா என்று தெரியவில்லை. போட்ட விடை சரியா என்று பார்க்கவும் வழியில்லை. எப்படிப் படிப்பது?

பதில்: என்பிஆரா, என்சிஆரா என்ற கேள்வியையே கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். கல்லூரிக் கணக்குகள் பல இரண்டிலும் நேரடியாக அடங்காது. எண்ணவேண்டிய பொருளை எந்தப் படிகளில் உருவாக்குகிறேன், ஒரே பொருள் எத்தனை முறை கணக்கில் வந்து விழுகிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

4 மாணவர்கள், 3 மாணவிகள். ஒரு மாணவியாவது இருக்கும்படி மூவர் குழு வேண்டும். முதலில் ஒரு மாணவியைத் தேர்ந்தெடுக்க 3 வழி, மீதி 6 பேரில் இருவரை எடுக்க 15 வழி, ஆக 45 என்று பலர் எழுதுவார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தக் குழுக்களே 35தான்! மாணவியே இல்லாத 4 குழுக்களைக் கழித்தால் 31.

இங்கே விட்டுவிடாதீர்கள். 45 எப்படி வந்தது என்று தோண்டுங்கள். ஒரு மாணவி உள்ள குழுக்கள் 18. ஒவ்வொன்றும் ஒரு முறை எண்ணப்பட்டது. இரு மாணவிகள் உள்ளவை 12. யாரை 'முதலில்' எடுத்தோம் என்பதைப் பொறுத்து இரண்டு முறை. மூவரும் மாணவிகள் என்றால் ஒரே குழு, மூன்று முறை. 18 + 24 + 3 = 45. தவறான விடையை இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு, பத்துக் கணக்கைச் சரியாகப் போட்டாலும் கிடைக்காது.

நால்வரை இரண்டு ஜோடிகளாகப் பிரிக்கும் கணக்கில் இதே மறு எண்ணல் தொந்தரவு செய்யாது. இருவரை எடுக்க 6 வழி. ஒவ்வொரு பிரிவும் சரியாக இரு முறை வருவதால் 2ஆல் வகுத்து 3 என்று முடித்துவிடலாம். எல்லாம் ஒரே அளவில் திரும்ப வந்தால்தான் வகுக்கலாம். மேலே அப்படி இல்லை.

விடையைச் சோதிக்க, எண்களைச் சிறிதாக்கிக் கையால் பட்டியல் போடுங்கள். குறில் 1 மாத்திரை, நெடில் 2 மாத்திரை என்று வைத்தால் 4 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? எழுதிப் பார்த்தால் 5. கடைசியில் குறில் வந்தால் முன்னே 3 மாத்திரை, நெடில் வந்தால் 2 மாத்திரை. அதனால் முந்தைய இரண்டு விடைகளின் கூட்டல்தான் அடுத்த விடை: 1, 2, 3, 5, 8. இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபனாச்சி 1202இல் எழுதியதற்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் யாப்பிலக்கணத்துக்காக இதே விதியைச் சொல்லிவிட்டார். தொடர்பு விதி என்ற பாடம் இதுதான். இப்படி வரும் விடைகளையெல்லாம் ஒரே தொடரின் கெழுக்களாக எழுதும் ஜெனரேட்டிங் ஃபங்ஷனை இதற்கு அப்புறம் எடுத்தால் பயமுறுத்தாது.

அதற்கு முன், கூடுதலாக எண்ணியதைக் கழித்து, அதிகமாகக் கழித்ததைத் திரும்பக் கூட்டும் சேர்த்தல்-நீக்கல் முறையைப் பழகுங்கள். கடிதங்களை உறைகளில் மாற்றிப் போடும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதமும் தன் உறையில் இருக்கக் கூடாது. 4 கடிதங்களுக்கு விடை 9. அந்த ஒன்பதையும் முதலில் கையால் எழுதுங்கள். பிறகு சேர்த்தல்-நீக்கலில் 5 கடிதங்களுக்கு 44 வருகிறதா என்று பாருங்கள்.