நடைபாதை மரங்களுக்கு மண் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் புதிதாக நடைபாதை போட்டார்கள். தெரு சுவருக்குச் சுவர் 40 அடி. இருபுறமும் ஆறரை அடி நடைபாதை, பேவர் பிளாக் தளம். நடைபாதையின் நடுவே நாலுக்கு நாலு அடிக் குழி எடுத்து வேம்பு, புங்கம், பெருங்கொன்றை நட்டார்கள். இரண்டு வருடம் நன்றாகத்தான் வந்தன. பிறகு பாதி பட்டுப்போயின. மீதி, நின்ற உயரத்திலேயே நிற்கின்றன. சில மரங்கள் பேவர் பிளாக்கைத் தூக்கிவிட்டதால் நடப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். மரத்தைச் சுற்றிச் சிமென்ட் போட்டு மூடிவிடச் சொல்கிறார்கள் கடைக்காரர்கள். நகராட்சி நடைபாதையைத் திரும்பப் போட எஸ்டிமேட் தயாரிக்கிறது. என்ன மரம் வைக்கலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டிருக்கிறார்கள். சீக்கிரம் வளரும், வேரால் தொந்தரவு தராத மரமாகச் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

என்ன மரம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் முடிவாக வேண்டியவை பல இருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, "இரண்டு வருடம் நன்றாகத்தான் வந்தன" என்பது. தண்ணீர் கிடைக்காத கன்று முதல் கோடையிலேயே காய்ந்துவிடும். இரண்டு வருடம் செழித்து, மூன்றாம் நான்காம் ஆண்டில் வளர்ச்சி நின்று, நுனிக்கிளைகள் காய்ந்து, பிறகு மரமே பட்டுப்போகிறது என்றால், வேர் குழியின் சுவரை முட்டிவிட்டது என்று பொருள். கான்ட்ராக்டரின் பராமரிப்புக் காலமும் பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும். அதனால்தான் இந்தச் சாவு யார் கணக்கிலும் வருவதில்லை.

நாலடிக் குழியை மூன்றடி ஆழத்துக்கு ஒழுங்காகவே எடுத்திருந்தாலும் அதில் கொள்ளும் மண் சுமார் 1.4 கன மீட்டர். குழிக்கு வெளியே இருப்பது கிராவல் கொட்டி ரோலர் ஓட்டிய தளம். பேவர் பிளாக் உள்வாங்காமல் இருக்க அடித்தளத்தை, அது எட்டக்கூடிய அதிகபட்ச அடர்த்தியில் 95 விழுக்காடு வரை இறுக்க வேண்டும், பொறியாளர் அதைச் சரியாகவே செய்கிறார். ஆனால் களிமண் கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராம், மணற்பாங்கான மண் 1.7 கிராம் என்ற அளவுக்கு இறுகினாலே வேர் நுழைவது ஏறக்குறைய நின்றுவிடும். காற்றும் உள்ளே போகாது. வேருக்கு மூச்சு வேண்டும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மரம் நிற்பது தெருவில் இல்லை, அடிப்பக்கம் திறந்த ஒரு பூந்தொட்டியில் நிற்கிறது.

மரத்தின் கிளையும் இலையும் விரிந்த நிழற்குடை நிலத்தில் விழும் பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 0.6 கன மீட்டர் மண் வேண்டும் என்பது தெருமர வடிவமைப்பில் புழங்கும் மதிப்பீடு. 6 மீட்டர் அகலமுள்ள குடையின் பரப்பு 28 சதுர மீட்டர், அதற்கு 17 கன மீட்டர் மண் தேவை. உங்கள் குழியில் இருக்கும் 1.4 கன மீட்டர் தாங்கக்கூடியது ஐந்தரை அடி அகலக் குடையை. வேம்பு அந்த அளவை மூன்றாம் ஆண்டிலேயே தாண்டப் பார்க்கும்.

தண்ணீர்க் கணக்கும் இதையே சொல்லும். 6 மீட்டர்க் குடையுள்ள மரம் கோடையில் ஒரு நாளைக்கு 100 முதல் 150 லிட்டர் வரை இழுக்கும். நல்ல மண், வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீராகத் தன் கொள்ளளவில் சுமார் 15 விழுக்காட்டைப் பிடித்து வைக்கும். 1.4 கன மீட்டரில் அது 210 லிட்டர், இரண்டு நாளில் தீர்ந்துவிடும். 15 கன மீட்டரில் 2,250 லிட்டர், இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும். லாரியில் தண்ணீர் ஊற்றி இந்த வித்தியாசத்தை எந்த நகராட்சியாலும் ஈடுகட்ட முடியாது.

பேவர் பிளாக் தூக்குவதற்கும் இதுதான் காரணம். பிளாக்கின் அடியில் பரப்பும் 30 முதல் 50 மி.மீ. மணல் அடுக்கில்தான் காற்று இருக்கிறது, இணைப்பு வழியே இறங்கும் மழைநீரும் அங்கேயே தங்குகிறது. கீழே போக வழியில்லாத வேர் மேலேறி அந்த மணலுக்குள் ஓடுகிறது. அங்கே பருக்கும்போது தளம் எழும்புகிறது. இதை மரவகையின் குணமாகப் பார்த்தால், அடுத்து எந்த மரத்தை வைத்தாலும் இதே புகார் வரும்.

இனி உங்கள் தெரு. ஆறரை அடி நடைபாதையில் நாலடிக் குழி போனால் நடக்க இரண்டரை அடிதான் மிச்சம். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலியும் எதிரே வருபவரும் ஒருவரையொருவர் கடக்க அந்த அளவு வேண்டும். உங்கள் நடைபாதை அதற்குச் சரியாக இருக்கிறது, மரத்துக்கு அதில் இடம் இல்லை. புதிய மரங்களை வாகன நிறுத்தத்தின் வரிசையில் வையுங்கள். 40 அடி என்பது 12.2 மீட்டர். இருபுறமும் 2 மீட்டர் நடைபாதை, நடுவே 6 மீட்டர் வண்டிப் பாதை, ஒரு பக்கம் மட்டும் 2.2 மீட்டரில் நிறுத்தமும் மரமும் சேர்ந்த பட்டை. அந்தப் பட்டையில் 10 மீட்டருக்கு ஒரு மரம். இரண்டு மரங்களுக்கு இடையே எட்டுப் பைக் நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும்தான் மரமா என்று சங்கத்தில் கேட்பார்கள். நன்றாக வளர்ந்த ஒரு வரிசை, குட்டையாக நிற்கும் இரண்டு வரிசையைவிட அதிக நிழல் தரும்.

எந்தப் பக்கம் என்பதையும் யோசித்து முடிவு செய்ய வேண்டும். தெரு வடக்கு தெற்காக ஓடினால், பிற்பகல் மேற்கு வெயில் விழுவது கிழக்குப் பக்க நடைபாதையில். மரம் அந்தப் பக்கம் வரட்டும். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில், ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடபக்க நடைபாதை வெயிலில் கிடக்கும். மழைநீர் வடிகால் நடைபாதைக்கு அடியில் ஓடும் பக்கமா, இ.பி. கேபிள் எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே தோண்டிப் பார்த்துவிடுங்கள். வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

குழி என்ற சொல்லையே எஸ்டிமேட்டிலிருந்து எடுத்துவிட்டு, தொடர் அகழி என்று எழுதச் சொல்லுங்கள். பட்டையின் முழு நீளத்துக்கும் 2 மீட்டர் அகலம், 90 செ.மீ. ஆழம். ஒரு மரத்துக்கு 18 கன மீட்டர் இடம் கிடைக்கும், பக்கத்து மரங்களின் வேர்களும் அதைப் பகிர்ந்துகொள்ளும். மரம் நிற்கும் 2 மீட்டர் சதுரத்தைத் திறந்தே விட்டு நல்ல மண்ணை நிரப்பலாம். வண்டி நிற்கும் பகுதியின் அடியில்தான் சிக்கல்: பாரத்தையும் தாங்க வேண்டும், வேரும் ஓட வேண்டும்.

இதற்கு நடைமுறையில் இருக்கும் வழி, கல்லும் மண்ணும் சேர்ந்த நிரப்பல். பாரத்தைக் கற்கள் ஒன்றோடொன்று முட்டித் தாங்கும், இடைவெளியில் இறுகாத மண் இருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நினா பாசுக்கும் ஜேசன் கிராபோஸ்கியும் 1990களில் உருவாக்கிய கலவையில் 20 முதல் 40 மி.மீ. ஜல்லி எடையில் சுமார் 80 பங்கு, களிச்சத்துள்ள மண் 20 பங்கு. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்தில் பியோர்ன் எம்ப்ரேன் முன்னெடுத்த முறை வேறு. 100 முதல் 150 மி.மீ. பெருங்கற்களை 25, 30 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு முதலில் இறுக்குகிறார்கள், பிறகு மண்ணைத் தண்ணீர் பீய்ச்சி இடுக்குகளுக்குள் இறக்குகிறார்கள். மேலே 32 முதல் 63 மி.மீ. கற்களால் காற்றோட்ட அடுக்கு, அதன்மேல் மண்ணை வடிகட்டும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, பிறகு தளம். அந்நகரம் 2009இல் வெளியிட்ட கையேடு ஒரு மரத்துக்குக் குறைந்தது 15 கன மீட்டர் கேட்கிறது.

நம் ஊர் வேலைக்கு ஸ்டாக்ஹோம் முறையையே நான் சொல்வேன். கார்னெல் கலவையைத் தளத்தில் ஜே.சி.பி.யால் புரட்டிக் கலக்கும்போது மண் ஓரிடமும் ஜல்லி ஓரிடமுமாகப் பிரிந்துவிடும், மூடியபின் யாராலும் சரிபார்க்க முடியாது. பெருங்கல் முறையில் ஒவ்வொரு அடுக்கையும் ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) கண்ணால் பார்க்கலாம். அந்த அளவுக் கல் எந்தக் குவாரியிலும் கிடைக்கும். செம்மண்ணில் மக்கிய உரம் நான்கில் ஒரு பங்கு கலந்து, சலித்து இறக்குங்கள். கரிசல் மண் நனைந்தால் வழியை அடைத்துவிடும், வேண்டாம். கிரஷர் தூளோ எம்-சாண்டோ ஒரு லோடு உள்ளே போனாலும் இடுக்குகள் அடைந்து மொத்த வேலையும் வீண். பழைய நடைபாதையை உடைத்த கான்கிரீட் துண்டுகளை இந்த அகழியில் போடத்தான் முதலில் தோன்றும், காவல் இருந்து தடுக்க வேண்டியது அதைத்தான். அதிலிருந்து வரும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றி, இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காமல் செய்யும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இந்த நோய். இப்போதிருக்கும் மரங்களிலும் பாருங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது: கல் நிரப்பலில் 18 கன மீட்டர் என்பது 18 கன மீட்டர் மண்ணுக்கு ஈடாகாது, மண் அதில் சிறுபங்குதான். ஆகவே அந்தப் பக்க நடைபாதையின் அடியில் வடிகால் இல்லையென்றால், அங்கேயும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வேரை விடுங்கள். அதற்குக் கல் தேவையில்லை. வடிகாலுக்கு மூடி போடுவதுபோல் இருபுறமும் தாங்குசுவர் எழுப்பி, மேலே கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கலாம். உள்ளே வெறும் மண், ரோலர் படக்கூடாது, காலால் மிதித்தால் போதும். அகழிப் பக்கச் சுவரில் வேர் நுழையப் பெரிய திறப்புகளை விட வேண்டும். மண் சில செ.மீ. தாழ்ந்து பலகைக்கடியில் வெற்றிடம் வரும், அது நல்லதுதான். இந்த வேலை நம் கொத்தனார்களுக்குத் தெரிந்த வேலை.

அகழியின் அடியில் துளையிட்ட 110 மி.மீ. பி.வி.சி. குழாய் போட்டு வடிகாலோடு இணைப்பது கட்டாயம். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகையில் அகழி தொட்டியாகி வேர் அழுகும். மழைநீர் உள்ளே வர, விளிம்பில் பதிக்கும் கெர்ப் கல்லில் 30 செ.மீ. திறப்பு விட்டு, அதையொட்டி மண் படியச் சிறு தொட்டி கட்டி, மழைக்கு முன் அள்ள வேண்டும். நிறுத்தப் பகுதிக்கு 80 மி.மீ. பிளாக், நடைபாதைக்கு 60 போதும்.

இருக்கும் மரங்களை வெட்ட விடாதீர்கள். சிமென்ட் போட்டு மூடுவதும் கூடாது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013 ஏப்ரலில் டெல்லி மரங்கள் குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கடைக்காரர்களிடம் அதைக் காட்டுங்கள். தூக்கிய பிளாக்குகளை எடுத்துவிட்டு, வேரை வெட்டாமல், மேலே தளர்வான ஜல்லி அடுக்கிட்டுத் தளத்தைச் சற்றே மேடாக்கி 1:12க்கு மிகாத சரிவில் இறக்கலாம். புதிய அகழி தோண்டும்போது, தண்டின் விட்டத்தைப்போல் 12 மடங்கு தூரத்துக்குள் ஜே.சி.பி. வரக்கூடாது. 20 செ.மீ. தண்டென்றால் 2.4 மீட்டர். அதற்குள் கையால்தான் தோண்ட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கேபிளுக்காக ஒருபக்க வேர் அறுபட்ட மரம் அப்படிப்பட்ட காற்றில் நிற்காது.

கன்று வாங்கும்போது டெண்டரில் உயரத்தை மட்டும் எழுதினால், நர்சரியில் நெருக்கி வைத்து நெடுநெடுவென்று இழுத்த கன்றுதான் வரும். அடித்தண்டின் சுற்றளவையும் பையின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். பையை முழுதாகக் கிழித்து எடுத்து, வட்டமாகச் சுற்றிய வேர்களைக் கத்தியால் கீறிவிட்டு, தண்டு விரியும் இடம் தரைமட்டத்தில் இருக்கும்படி நட வேண்டும். ஆழப் புதைத்தால் பட்டை அழுகும். முட்டுக்கம்பும் கட்டும் ஓராண்டுக்கு மேல் வேண்டாம். இரும்புக் கூண்டை மூன்றாம் ஆண்டில் கழற்றும் பொறுப்பு யாருடையது என்பதும் எஸ்டிமேட்டில் இருக்கட்டும். தண்டுக்குள் புதைந்த கம்பி வளையம் மரத்தை மெல்ல நெரித்துவிடும்.

மரம்: மேலே இ.பி. கம்பி போகும் இடத்தில் பூவரசு அல்லது சரக்கொன்றை. கம்பி இல்லாத இடத்தில் புங்கம், வேம்பு. புங்கம் வெயில் ஏறும் பங்குனியில் புதுத்தளிர் விட்டு நிற்கும், கடைத்தெருவுக்கு அதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. மகிழம் மெதுவாக வரும், ஆனால் காற்றுக்கு அசையாது. நாவல் நல்ல மரம், பழம் விழுந்து தளம் வழுக்கும் என்பதால் நடைபாதையோரம் வேண்டாம். பெருங்கொன்றையும் குல்மோகரும் சீக்கிரம் வளரும், சீக்கிரம் ஒடியும். ஆடியில் அகழியை நிரப்பி, ஆவணியில் இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டு மண்ணைப் படியவிட்டு, புரட்டாசியில் நடுங்கள்.

தெரு எந்தத் திசையில் ஓடுகிறது, வடிகால் எந்தப் பக்கம், மின்கம்பங்கள் எந்த இடைவெளியில் நிற்கின்றன என்று எழுதுங்கள். டெண்டர் போவதற்கு முன் வந்துவிட்டால், மரங்களின் இடத்தைக் குறித்து ஒரு வரைபடம் அனுப்புகிறேன்.

அன்புடன்