நிழலில் உலரும் மண்

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் தமிழாசிரியை, வயது 41. கதை எழுதும் ஆசை கல்லூரி நாளிலிருந்தே உண்டு. சில சிறுகதைகள் இதழ்களில் வந்திருக்கின்றன. ஓயாத ஓட்டம் உடம்பையும் மனத்தையும் வாட்டியதால், மாலைநேரத் தனிவகுப்புகளைச் சென்ற ஆண்டு நிறுத்திவிட்டேன். இப்போது மாமியாரோடு உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். அந்தி சாய்ந்ததும் காவிரிக் கரையில் சிறிது தூரம் நடந்துவிட்டு வருகிறேன். வீட்டில் ஓர் அமைதி வந்திருக்கிறது. ஆனால், தொடங்கிய நாவல் இரண்டு ஆண்டுகளாக 60 பக்கங்களிலேயே நிற்கிறது. என்னோடு எழுத வந்த தோழி இதற்குள் மூன்று நூல்கள் வெளியிட்டுவிட்டார். எழுத உட்கார்ந்தால் வீட்டைக் கவனிக்கவில்லையே என்றும், சும்மா இருந்தால் நாவல் கிடக்கிறதே என்றும் மனம் அடித்துக்கொள்கிறது. நிதானம் என்ற பெயரில் நான் சோம்பேறியாகிவிட்டேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். நாவல் எத்தனை பக்கம் வந்திருக்கிறது, தோழி எத்தனை நூல் வெளியிட்டார், எத்தனை ஆண்டு கழிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. நாவல் யாரைப் பற்றியது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களை வருத்துவது எழுத்தின் மீதுள்ள ஆசையா, எழுத்தாளராக அறியப்பட வேண்டும் என்ற அவசரமா என்பதை நீங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஆசையும் தவறில்லை. அது எல்லோருக்கும் உண்டு. ஆனால் கீரை ஆய்கிற அரை மணி நேரத்தைக் குற்றமாக்குவது பெரும்பாலும் அதுதான்.

நாகர்கோவிலில் ஜவுளிக் கடை நடத்தியபடியே எழுதியவர் சுந்தர ராமசாமி. அவருடைய முதல் நாவல் 1966இல் நூலாக வந்தது. இரண்டாவது 1981இல், மூன்றாவது 1998இல். இந்த இடைவெளிகளைக் காட்டி அவரைச் சோம்பேறி என்று இன்று ஒருவரும் சொல்வதில்லை. அதற்காக, மெதுவாக எழுதுவதாலேயே எழுத்து உயர்ந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. புதுமைப்பித்தன் பத்திரிகைப் பணியின் நெருக்கடிக்கு நடுவே, 42 வயதில் மறைவதற்குள் ஏறத்தாழ 100 கதைகளை எழுதிவிட்டுப் போனார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நடை. தோழியின் நடையை வைத்து உங்கள் தூரத்தை அளக்காதீர்கள்.

நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் சுவாமிமலை இருக்கிறது. அங்குள்ள உலோகச் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றுக்கு ஒருநாள் போய் வாருங்கள். இந்தக் கேள்விக்கு என்னைவிட நல்ல விடை அங்கே கிடைக்கும். தேன்மெழுகும் குங்கிலியம் என்ற மரப்பிசினும் கலந்து பிடித்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து மெல்லியதாகப் பூசுகிறார்கள். பூசியதும் அதை நிழலில் வைத்துவிடுகிறார்கள். வெயிலில் வைத்தால் மண் வெடிக்கும், உள்ளே மெழுகும் இளகிவிடும் என்பதால், எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும் நிழலில் உலர்வதற்கான நாள்களைக் கொடுத்தே ஆக வேண்டும். பிறகு அடுத்த பூச்சு, மீண்டும் நிழல். பார்க்கிறவருக்கு அந்த நாள்களில் எதுவும் நடக்காததுபோலத் தோன்றும்.

ஆனால் அதே பட்டறையில் வேறொரு நேரமும் இருக்கிறது. உலர்ந்த அந்த மண் அச்சைச் சூடாக்கி மெழுகு முழுதும் உருகி வெளியேறிய பின், உருக்கிய உலோகத்தை அதனுள் ஊற்றுவார்கள். அப்போது நிதானத்துக்கு இடமே இல்லை. நடுவில் கை நின்றால் வார்ப்பு பழுதாகிவிடும். அது முடிந்து, ஆறிய அச்சை உடைத்து உருவத்தை வெளியே எடுத்தபின், உளியும் அரமுமாக நுணுக்க வேலை தொடங்குகிறது. அது மறுபடியும் நாள் கணக்கில், வார கணக்கில் நீளும். ஆக, ஒரே வேலைக்குள் பொறுமையும் வேகமும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இப்போது இருப்பது நிழலில் உலர்த்தும் காலம் மட்டுமே; உலோகம் ஊற்றும் காலத்துக்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, உங்களிடமே கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நாவல் 60 பக்கங்களில் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் ஆசிரியை என்பதால் மே மாத விடுமுறை கையில் இருக்கிறது. அதில் மூன்று வாரங்களை இப்போதே குறித்து வைத்து, காலையில் நான்கு மணி நேரம் எழுதப் போவதாகக் கணவரிடமும் மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டால் அது வீட்டாருக்கு மனத்தாங்கலாகும். சொல்லிவிட்டுச் சாத்தினால் பெரும்பாலும் அவர்களே காவல் இருப்பார்கள். சமையலை யார் பார்ப்பது என்பதையும் அப்போதே வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். பெண்கள் எழுதுவது நின்றுபோகும் இடம் பல வீடுகளில் அடுப்படிதான் என்பதை எத்தனையோ வாசகியரின் கடிதங்கள் எனக்குச் சொல்லியிருக்கின்றன. அதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை.

மற்ற மாதங்களுக்குப் பெரிய திட்டம் வேண்டாம். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 250 சொற்கள் போதும். நோட்டுப் புத்தகத்தில் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு 1,000 சொற்கள் என்றால் 50 வாரங்களில் 50,000 சொற்கள் சேரும். நடுத்தர அளவுள்ள ஒரு நாவலுக்கு அதற்கு மேல் தேவையில்லை. மீதி மூன்று நாளும் நோட்டைத் திறக்கக் கூடாது என்பதையும் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். திறக்கக் கூடாத நாள் என்று ஒன்று இருந்தால்தான், எழுதாமல் இருப்பது குற்றமாகத் தோன்றாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாமியார் கீரை ஆய்ந்தபடி பழைய கதை எதையாவது சொல்லும்போது, இதை நாவலில் எங்கே சேர்க்கலாம் என்று எண்ணாதீர்கள். ஆற்றங்கரையில் நடக்கும்போதும் அப்படித்தான். கேட்பதையும் பார்ப்பதையும் உடனுக்குடன் எழுத்துக்கான சரக்காக மாற்றத் தொடங்கினால், அந்த நேரமும் வேலை நேரமாகிவிடும். தனிவகுப்பை நிறுத்திவிட்டு இன்னொரு வகுப்பில் போய் உட்கார்ந்ததாகத்தான் அது முடியும். என் இளம் வயதில் நான் அந்தத் தவற்றைப் பல ஆண்டுகள் செய்தேன். படுக்கையில் கிடந்த என் பாட்டி பேசியதையெல்லாம் குறிப்பெடுத்தேன். குறிப்புகள் இன்றும் இருக்கின்றன, ஆனால் பேசும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பது நினைவில் இல்லை. அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை போலும்.

அடுத்த கடிதத்தில் பக்கக் கணக்கு வேண்டாம். அந்த 60 பக்கங்களுக்குள் இரண்டு ஆண்டுகளாகக் காத்திருப்பவர்கள் யார், அவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.