அப்பாவின் எல்டிஎல் 168: குக்குலுவா, மாத்திரையா?

சகோதரி, அப்பாவுக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 168, அதைக் குறைக்க டாக்டர் எழுதிய அடோர்வாஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குக்குலு என்ற மரப்பிசின் கேப்ஸ்யூலும் பூண்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள். குக்குலுவை நானும் நம்பியவன்தான். ஆனால் 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது எல்டிஎல் குறையவில்லை, கொஞ்சம் ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. பூண்டை 2007-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், எல்டிஎல் அசையவில்லை. குழம்பில் போடுங்கள், அவ்வளவுதான்.

மாத்திரையோடு சேர்த்து ஏதாவது தர வேண்டுமென்றால் இசப்கோல் உமி இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுச் சற்று நேரம் விட்டால் கூழாகக் கெட்டிப்படும். குடலிலும் அதேதான்: அந்தக் கூழ் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். புதுப் பித்தம் செய்ய ஈரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். தினம் 10 கிராம் எடுத்தால் எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம்.

கெட்டியாகும் முன்பே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருந்தால் வேண்டாம். அப்புறம், டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.