"முன்ன மாதிரி இல்லைம்மா" என்று மகள் சொன்னால்

அம்மா, உங்கள் மகளின் கம்பெனி மூழ்கப் போகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அவள் சேர்ந்தபோது 30 பேர், இப்போது 250. அப்போது லீவு வேண்டுமென்றால் முதலாளிக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும், இப்போது சார்ஜர் கெட்டால்கூட டிக்கெட் (கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கோரிக்கை) போட வேண்டியிருக்கிறது, அதனால் பேப்பர் போடப் போகிறேன், அதாவது ராஜினாமா செய்யப் போகிறேன் என்கிறாள், இல்லையா?

இதை மட்டும் வைத்து மூழ்குகிறது என்று சொல்ல முடியாது. 250 பேரில் பாதிப் பேரின் பெயர்கூட முதலாளிக்குத் தெரிந்திருக்காது. அந்த நிலையில் எழுதிவைத்த விதி இல்லையென்றால் அவரோடு டீ குடிப்பவர்களுக்குத்தான் சம்பளம் ஏறும். சட்டமும் ஆள் கணக்கைப் பார்க்கிறது: 10 பேர் இருந்தாலே பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், 20 பேருக்கு பி.எஃப்., 50 பேருக்குக் குழந்தைகள் காப்பக வசதி. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்றிருந்த காலத்தில் இதெல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று அவளிடமே கேளுங்கள். (குடும்பம் என்று சொல்லும் இடங்களிலிருந்துதான் ராத்திரி 11 மணிக்கு போன் வரும், அது வேறு விஷயம்.)

ஆனால் அவள் வருத்தம் பொய்யில்லை. டெஸ்டிங், கஸ்டமர் போன், தீபாவளி ஸ்வீட் ஆர்டர் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவளுக்கு இன்று சாஃப்ட்வேரில் ஒரே ஒரு மாட்யூல் (ஒரு சின்னப் பகுதி) மட்டும்தான், மேலே வெளியிலிருந்து வந்த ஒரு மேனேஜர் வேறு. சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் இடம் பிடித்தபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதமே சொன்னார். 2024-இல் அவர் சி.இ.ஓ. நாற்காலியை வெளியிலிருந்து வந்த டென்னிஸ் உட்சைடிடம் கொடுத்தார், அதே வருட நவம்பரில் சுமார் 660 பேரைக் குறைக்கும் அறிவிப்பும் வந்தது. வளர்ந்த கம்பெனியில் இப்படி நல்லது, கெட்டது இரண்டும் நடக்கும்.

சரி, எதைப் பார்த்துப் பயப்படலாம்? 1-ஆம் தேதி வந்த சம்பளம் 10-ஆம் தேதிக்கு நகர்வது, பி.எஃப். பாஸ்புக்கில் மாதங்கள் விட்டுப்போவது, நன்றாக வேலை தெரிந்த பழைய ஆட்கள் வரிசையாகச் சத்தமில்லாமல் கிளம்புவது. இதில் ஒன்று இருந்தாலும் நானே வேறு வேலை தேடச் சொல்வேன். அப்புறம் அந்த மேனேஜரிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்பதையும் ஆறு மாதமாவது பார்க்கட்டும். முதல் மாதத்து எரிச்சலை வைத்து ஆளை எடை போட முடியாது.

கம்பெனியின் பங்குகளைப் பின்னால் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை (ஈசாப்) அவளுக்குக் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். ஒதுக்கிய நாளிலிருந்து ஒரு வருடமாவது போகாமல் அதில் உரிமை வராது. பல இடங்களில் முழுதாகச் சேர 4 வருடம் ஆகும். வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பணம் கட்டி வாங்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும், பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. கடிதத்தையும் பாஸ்புக்கையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அதுவரை பேப்பர் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.